விற்றபின் பழுது யார் பொறுப்பு? மின்சார ஸ்கூட்டர் சர்ச்சையில் மளிகை வணிகர் படிக்க வேண்டிய பாடம்

வணிகப் பெருமக்களில் சிலர் டோர் டெலிவரிக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டார்கள். பலர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நெல்லித்தோப்பிலிருந்து முதலியார்பேட்டைக்கும் உப்பளத்துக்கும் லாஸ்பேட்டைக்கும் சரக்கு கொடுத்துவிட்டுத் திரும்ப ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஆகிவிடப் போகிறது? பெட்ரோல் செலவையும் கரண்ட் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டினால் மின்சார வண்டிதான் லாபம் என்று தெரியும். கணக்கு சரிதான். ஆனால் அதில் ஒரு வரி விட்டுப்போகிறது. வண்டி நின்றுவிட்டால் எங்கே கொண்டுபோவது, எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதுதான் அந்த வரி.

அந்த வரியை வாங்குபவர் மறந்தால் அவருக்கு மட்டும் நஷ்டம். தயாரிப்பவரே மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்தைப் பற்றிச் சில ஆண்டுகளாக நாடு முழுவதும் நடந்த வாதத்தைத்தான் சொல்கிறோம். வாடிக்கையாளர் ஒரு பக்கம், நிறுவனம் ஒரு பக்கம், நடுவில் அரசு என்று நடந்த இந்த வாதத்தில், கடை வைத்திருக்கும் நாம் கற்றுக்கொள்ள நிறையவே உண்டு.

டீலர் இல்லாத வியாபாரம்

2020 டிசம்பரில் இந்நிறுவனம் 2,400 கோடி ரூபாய் முதலீட்டுக்குத் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் தொழிற்சாலை எழும்பியது. 2021 ஜூலையில் 499 ரூபாய் கட்டிப் பெயர் பதிந்துகொள்ளலாம் என்று அறிவித்தார்கள். 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல், ஓட்டிப் பார்க்காமல், விலைகூடத் தெரியாமல் ஒரு லட்சம் பேர்! விலையும் மாடலும் ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் வெளிவந்தன. வண்டி கைக்கு வர ஆரம்பித்தது டிசம்பர் நடுவில்.

இதில் நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, விற்ற முறை. டீலர் என்று ஒருவர் கிடையாது. செல்போனிலேயே பணம் கட்டலாம், வண்டி வீட்டு வாசலுக்கு வரும், பழுது என்றால் ஆள் வீட்டுக்கே வருவார் என்று சொன்னார்கள். டீலர் கமிஷன் மிச்சமாவதால் விலையும் குறையும் என்பது கணக்கு. 'இடையில் ஒரு வியாபாரி எதற்கு?' என்ற கேள்வியை மளிகைத் தொழிலில் இருக்கும் நாமும் அடிக்கடி கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு நாம் வாயால் சொன்ன பதில்களைவிட ஓலாவின் அனுபவம் சொன்ன பதில் தெளிவானது.

இடையில் இருக்கும் வியாபாரி என்ன செய்கிறார்? ஷோரூமுக்குப் பின்னால் ஒரு ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். அடிக்கடி போகும் உதிரிபாகங்களைத் தன் காசில் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார். கம்பெனிக்காரரிடம் சண்டை போட்டுப் பார்ட்ஸ் வரவழைக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கோபத்தோடு வருபவர் நேரில் நின்று கத்துவதற்கு ஒரு மேஜையும், அதற்குப் பின்னால் ஒரு முகமும் இருக்கின்றன. அந்த முகத்துக்குரியவர் நாளையும் இதே ஊரில்தான் நடமாட வேண்டும். ஆகவே ஏதாவது வழி செய்துதான் ஆக வேண்டும். கமிஷன் என்று நாம் வாங்குவதில் ஒரு பகுதி இந்தத் திட்டை வாங்கிக்கொள்வதற்கான கூலி.

குறைகள் குவிந்த விதம்

2022 மார்ச் 26 அன்று புனேயில் ஒரு ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே தீப்பற்றியது. ஏப்ரலில் 1,441 வண்டிகளைச் சோதனைக்காகத் திரும்ப வரவழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. அதே ஏப்ரலில் நம் வட ஆற்காட்டுப் பக்கம் ஆம்பூரில் ஒரு வாடிக்கையாளர், தன் வண்டி சொன்ன தூரம் ஓடவில்லை என்ற ஆத்திரத்தில் நடுரோட்டிலேயே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். முன்பக்க ஃபோர்க் முறிந்தது என்ற புகார்களும் வந்தன. 2023 மார்ச்சில் அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் சொன்னது. விற்கும்போது சொன்ன சில வசதிகள் வண்டியோடு வரவில்லை. மென்பொருள் வழியாகப் பிறகு அனுப்புகிறோம் என்றார்கள், பல மாதம் கழித்து அனுப்பவும் செய்தார்கள். பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு பாதி மூட்டையை இன்றும் மீதியை அடுத்த வருடமும் அனுப்பும் மொத்த வியாபாரியை நாம் என்ன சொல்வோம் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இத்தனை இருந்தும் விற்பனை குறையவில்லை, ஏறியது. இதுதான் விசித்திரம். 2023-24 நிதியாண்டில் மட்டும் 3 லட்சத்து 29 ஆயிரம் வண்டிகளுக்கு மேல் கொடுத்தார்கள். நாட்டில் மின்சார இருசக்கர வண்டியில் முதலிடம் அவர்களுக்கே. அந்த ஆண்டின் முடிவில் அவர்களுடைய சர்வீஸ் சென்டர்கள் நாடு முழுவதும் 430 அளவில் இருந்தன. வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு வருடத்து வண்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு சென்டருக்கு 760க்கு மேல் வருகிறது. முந்தைய வருடங்களில் விற்றது வேறு. கல்லாவைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் பின்வாசலில் சேரும் கூட்டத்தைப் பார்க்கவில்லை.

2024 ஆகஸ்டில் பங்கு வெளியீடு நடந்தது. 76 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு அந்த மாதத்திலேயே 157 ரூபாயைத் தொட்டது. செப்டம்பரில் கர்நாடகத்தின் கலபுரகியில் ஒருவர், புதிதாக வாங்கிய வண்டி திரும்பத் திரும்பப் பழுதானதால் ஷோரூமுக்கே தீ வைத்துவிட்டார். அவர் செய்தது குற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு மனிதரை அந்த அளவுக்குக் கொண்டுபோய் விட்டது எது என்ற கேள்வி எழாமல் இல்லை.

அக்டோபர் 6ஆம் தேதி நடந்தது இன்னும் பெரிதாகப் பேசப்பட்டது. குணால் கம்ரா என்ற நகைச்சுவைக் கலைஞர், சர்வீஸ் சென்டர் வாசலில் தூசு படிந்து வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களின் படத்தைப் போட்டு, கூலி வேலைக்குப் போகிறவர்களின் வண்டி இப்படியா நிற்பது என்று கேட்டார். நிறுவனத் தலைவர் பவிஷ் அகர்வால் நேரடியாகவே பதில் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறீர்கள், உமது நகைச்சுவைத் தொழில் தோற்றுவிட்டது, வேண்டுமானால் வந்து எங்களுக்கு வேலை செய்யும், இல்லையென்றால் சும்மா இரும் என்கிற தோரணையில் இருந்தது அந்தப் பதில். ஊரே வேடிக்கை பார்த்தது. மறுநாள் ஒரே நாளில் பங்கு விலை 8 சதவீதம் அளவுக்கு இறங்கியது. புழு இருந்த பருப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டும் வாடிக்கையாளரிடம் 'உனக்கு யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்' என்று சொன்னால் எதிரில் இருக்கும் நான்கு வாடிக்கையாளரும் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்கள்?

அக்டோபர் 7ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்கள் 10,644. அவற்றில் 3,300க்கு மேற்பட்டவை சர்வீஸ் தாமதம் பற்றியவை. புது வண்டி கைக்கு வரவில்லை என்பவை 1,899. ஆக, வண்டி கெட்டுப்போகிறது என்பதைவிட, கெட்டுப்போன வண்டி திரும்பி வரவில்லை என்பதே பெரிய குறையாக நின்றது. எந்த இயந்திரமும் கெடும், இது எல்லோருக்கும் தெரியும்.

நிறுவனத்தின் பதிலையும் சொல்ல வேண்டும். வந்த புகார்களில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டுவிட்டதாக அவர்கள் ஆணையத்துக்குப் பதில் தந்தார்கள். ஆணையம் அதோடு விடவில்லை, நவம்பரில் விசாரணைக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 25 அன்று தங்கள் கடைகளை 4,000ஆக உயர்த்தியதாகவும் நிறுவனம் அறிவித்தது. ஆட்கள் நேரில் பார்க்கும் கடை வேண்டாம் என்று தொடங்கியவர்கள் மூன்றே ஆண்டில் 4,000 கடைக்கு வந்து நின்றார்கள்.

விற்பனைத் தரவரிசையோ அதற்குள் மாறிவிட்டது. 2024 டிசம்பரில் பஜாஜின் சேத்தக் முதலிடம் பிடித்தது. 2025 ஏப்ரலில் சிறு வித்தியாசத்தில் டிவிஎஸ் முதலிடத்துக்கு வந்தது. விலை, மாடல், மானியம் என்று காரணங்கள் பல உண்டு. சர்வீஸ் ஒன்றுதான் காரணம் என்று நாம் அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் இந்த இரண்டும் டீலர்கள் மூலம் விற்கும் நிறுவனங்கள் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கும் ஓசூரும் அதே கிருஷ்ணகிரி மாவட்டம்தான்.

நோக்கியா பேட்டரியை நினைவிருக்கிறதா?

தொழில்நுட்ப நிறுவனம் என்றாலே இப்படித்தான் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பொருளில் குறை வந்தபோது சரியாக நடந்துகொண்டவர்களும் உண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனியின் பிஎல்-5சி பேட்டரி பற்றி வந்த அறிவிப்பை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது செல்போன் விற்காத மளிகைக் கடைக்காரர்கூட ரீசார்ஜ் கூப்பன் விற்றுக்கொண்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் தயாரித்துக் கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகக்கூடும் என்று நோக்கியாவே அறிவித்தது. அதுவரை உலகம் முழுவதும் சுமார் 100 சம்பவங்கள்தான் பதிவாகியிருந்தன. பேட்டரியின் பின்புறம் உள்ள 26 எழுத்து எண்ணைச் சரிபார்த்து, அந்த வரிசையில் இருந்தால் இலவசமாகப் புதுப் பேட்டரி என்றார்கள். 'போன் வெடிக்கும்' என்று நம் ஊர்களிலும் வதந்தி பரவத்தான் செய்தது. குற்றம் தங்களுக்குப் பேட்டரி செய்து கொடுத்தவருடையது என்று நோக்கியா ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. தன் பெயரில் விற்ற பொருளுக்குத் தானே பொறுப்பேற்றது. நோக்கியா பின்னாளில் சந்தையை இழந்ததும், 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் உற்பத்தி நின்றதும் வேறு கதை. அந்தக் கதையில் இந்தப் பேட்டரிக்குப் பங்கில்லை.

தெரு மெக்கானிக் தொட முடியாத வண்டி

நம் தலைமுறை மளிகைக்காரரின் வண்டி டிவிஎஸ் 50. 1980இல் வந்தது. இரண்டு மூட்டை அரிசியை முன்னால் வைத்து ஓட்டுவோம். நின்றுபோனால் பிளக்கைக் கழற்றித் துடைப்போம். அதற்கும் கிளம்பவில்லை என்றால் தெரு முனையில் ஒரு மெக்கானிக். எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் பாகம் கிடைக்கும். அரை நாளில் வண்டி திரும்பிவிடும்.

மின்சார ஸ்கூட்டர் அப்படி இல்லை. பிரேக், டயர், பேரிங் போன்றவற்றைத் தெரு மெக்கானிக் பார்க்கலாம். பேட்டரியையும் மோட்டாரையும் ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர், மென்பொருள் ஆகியவற்றில் கோளாறு என்றால் கம்பெனியின் கருவியை இணைத்துப் பார்த்தால்தான் என்னவென்றே தெரியும். அந்தக் கருவி கம்பெனியிடம் மட்டுமே இருக்கும். பாகமும் அவர்களிடமே. அவர்களுடைய சென்டரில் கூட்டம் என்றால் வேறு போக்கிடம் இல்லை. எனவே வண்டியை வாங்குவதோடு அதன் சர்வீஸ் சென்டரையும் சேர்த்தே வாங்குகிறோம் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

நம் எலக்ட்ரானிக் தராசில் இப்படியா? அதையும் எல்லோரும் திறந்துவிட முடியாது. எடையளவுத் துறையின் லைசென்ஸ் உள்ளவர்தான் பழுது பார்க்க வேண்டும், பார்த்தபின் மறுபடி முத்திரை வாங்க வேண்டும். ஆனால் லைசென்ஸ் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒருவர் சரியில்லை என்றால் இன்னொருவரிடம் போகலாம். போட்டி இருப்பதால் வேலையும் நடக்கிறது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது இதே எண்ணத்தில்தான். செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம், விவசாயக் கருவி ஆகியவற்றின் உதிரிபாகமும் பழுது விவரமும் கம்பெனிக்கு வெளியிலும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். எந்தப் பொருள் எளிதில் பழுது பார்க்கத் தக்கது என்று மதிப்பெண் போடும் முறை குறித்து இன்னொரு குழு 2025 மேயில் அறிக்கை கொடுத்தது. வணிகர் சங்கங்கள் இதைக் கவனித்துக் குரல் கொடுக்க வேண்டும். கூலர், பிரிட்ஜ், பில்லிங் மெஷின் என்று நம் கடைக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கடைக்காரர் 'நுகர்வோர்' ஆவாரா?

இனிச் சட்டப் பக்கம். இதில்தான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். அப்படியானால் டெலிவரிக்கு ஸ்கூட்டர் வாங்கிய மளிகைக்காரர் நுகர்வோர் ஆணையத்துக்கே போக முடியாதா? முடியும், ஒரு வாசல் இருக்கிறது. தன் பிழைப்புக்காக, சுயதொழிலுக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது 'வணிக நோக்கம்' என்பதில் சேராது என்று அதே பிரிவு விளக்கம் சொல்கிறது.

இந்த விளக்கத்துக்கு அளவுகோல் வைத்தது 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. வழக்கு நம் கோயமுத்தூர் சம்பந்தப்பட்டது. லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் 21 லட்ச ரூபாய் அளவில் ஓர் இயந்திரம் வாங்கியது, குறை இருப்பதாக வழக்குப் போட்டது. பெரிய அளவில் லாப நோக்கோடு வாங்கியது, ஆகவே நீங்கள் நுகர்வோர் அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் சிறு தொழிலாளருக்கு ஆறுதலான உதாரணங்களும் உண்டு. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். தானே வேலை செய்ய லேத் வாங்கியவரும் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டால் அந்தத் தகுதி போய்விடாது.

ஆகவே தானும் ஒரு பையனுமாகக் கடை நடத்தி, தானே வண்டி ஓட்டும் சில்லறை வணிகர் தைரியமாக வழக்குப் போடலாம். 'என் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக வாங்கினேன்' என்று மனுவிலேயே எழுதிவிட வேண்டும், எழுதாமல் விட்டுப் பின்னால் சொன்னால் எடுபடுவது கஷ்டம். நான்கு வண்டியும் ஆறு ஆட்களும் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு இந்த வாசல் பெரும்பாலும் திறக்காது, அவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டிவரும். அப்படிப்பட்டவர்கள் வாங்கும் முன்பே வாரண்டி, சர்வீஸ் கால அளவு, தாமதமானால் மாற்று வண்டி ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். கடையின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் பில் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார் என்பதையும் நினைவில் வைக்கவும்.

கம்பெனி பெங்களூரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. நமக்குப் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்திலும் மனு போடலாம். அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் புகார் எண் வாங்கி வைப்பது நல்லது. பல நேரம் வழக்கு இல்லாமலே காரியம் முடிந்துவிடும். மேலே சொன்ன 10,644 புகாரும் இந்த உதவி எண்ணுக்கு வந்தவைதான்.

விற்பவர் என்ற முறையிலும் ஒரு வார்த்தை. கடையில் எமர்ஜென்சி லைட்டும் மிக்சியும் சார்ஜரும் விற்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். அதே சட்டத்தின்படி, பொருளின் குறையால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்து, தயாரித்தவர் யார் என்றே தெரியவில்லை என்றால் விற்றவரே அகப்படுவார். கம்பெனி சொல்லாத உத்தரவாதத்தை நாமாகச் சொல்லி விற்றிருந்தாலும் அப்படியே. டெல்லியிலிருந்து மூட்டையில் வரும் பெயர் தெரியாத சார்ஜரில் கிடைக்கும் லாபத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கவும்.

வாங்கும் முன் கவனிக்க

ஷோரூமில் விலை கேட்கும் முன், பின்பக்கம் போய் ஒர்க் ஷாப்பை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். எத்தனை வண்டி நிற்கிறது, அவற்றின்மேல் எத்தனை நாள் தூசு இருக்கிறது என்பது எந்த விளம்பரத்தையும்விட உண்மை பேசும். வண்டியை எடுக்க வந்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் தெரியும். புதுச்சேரியில் சென்டர் இல்லாமல் கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய நிலை என்றால் அந்த வாடகையையும் விலையோடு கூட்டிக்கொள்ளவும். பேட்டரி வாரண்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டு எண்ணையும் கேட்கவும். டெலிவரி வண்டிக்கு வருடத்தைவிடக் கிலோமீட்டர்தான் முதலில் முடியும். வாடகைக்கோ வணிகத்துக்கோ ஓட்டினால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று அவசியம் படிக்கவும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு வாரண்டி உண்டா என்பதும் நம் ஊருக்குத் தேவையான கேள்வி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறக்கவில்லை. ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். இரவு முழுக்க நீரில் நிற்கலாம் என்று பொருள் இல்லை. வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்சில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜரை வண்டியோடு சேர்க்காமல் தனியாக விலை போட்டு விற்ற ஓலா உள்ளிட்ட நிறுவனங்கள், அரசு மானிய விதிகள் காரணமாக 2023இல் அந்தப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஓலாவின் பங்கு மட்டும் சுமார் 130 கோடி ரூபாய். எனவே வண்டி, சார்ஜர், மென்பொருள் என்று எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது பில்லில் தனித்தனியாக இருக்கட்டும். வண்டியைச் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் தேதியும் குறையும் எழுதிய ஜாப் கார்டு கேட்டு வாங்கவும். போனில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைக்கவும். வழக்குப் போடக் குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. ஆணையம் முதலில் கேட்கும் காகிதமும் இந்த ஜாப் கார்டுதான்.